“எங்க லிமிட் இல்லை”: அமெரிக்கப் பழங்குடிப் பெண்களின் பாதுகாப்புக்கு இறையாண்மை எதற்கு?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பழங்குடிப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகப் போராடுகிறவர்கள், “பழங்குடி இறையாண்மை” (தங்கள் நிலத்தில் தாங்களே சட்டம் போட்டு, விசாரித்து, ஆளும் அதிகாரம்) என்ற சொல்லையும் ஏன் எப்போதும் கூடவே கொண்டு வருகிறார்கள்? பெண்களின் பாதுகாப்பு வேறு, அரசியல் அதிகாரம் வேறு இல்லையா? ஒழுங்கான போலீஸும் கடுமையான தண்டனையும் இருந்தால் போதாதா?

போதாது. ஏன் என்று சொல்ல ஒரு டேப்பிலிருந்து தொடங்குகிறேன். கொத்தனாரும் தச்சரும் இடுப்பில் வைத்திருப்பார்களே, அந்த அளவு டேப்.

கொலராடோ மாநிலத்தில், தெற்கு யூட் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் 26 வயதில் பழங்குடி அல்லாத ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவன் அவருடைய வீட்டுக்கே குடிவந்தான். சில நாட்களிலேயே அடி ஆரம்பித்துவிட்டது. பழங்குடிப் போலீஸைக் கூப்பிட்டார். அவன் பழங்குடி இல்லை, எங்களால் கைது செய்ய முடியாது என்றார்கள். கவுண்ட்டி ஷெரிஃபை, அதாவது மாநிலத்துக்குக் கீழே வரும் மாவட்டப் போலீஸை, கூப்பிட்டார். நீங்கள் பழங்குடி, நிற்பது பழங்குடி நிலம், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். ஒருமுறை அடித்து முடித்துவிட்டு அவனே ஷெரிஃபுக்கு போன் போட்டான். யார் வந்தாலும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குக் காட்டுவதற்காக. கடைசியில் துப்பாக்கியோடு அவர் வேலை பார்த்த இடத்துக்கே வந்து சுட்டான். உடன் வேலை செய்தவர் குறுக்கே பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டதால், குண்டு அந்த ஊழியரின் தோளில் பாய்ந்தது. விசாரிக்க வந்தவர்கள் துப்பாக்கி இருந்த இடத்திலிருந்து குண்டு பட்ட இடம் வரை டேப் பிடித்து அளந்தார்கள். யார் நிலத்தில் எது நடந்தது என்று தெரிந்தால்தான் வழக்கு யாருடையது என்று முடிவாகும். இதையெல்லாம் அந்தப் பெண்ணே வெளிப்படையாகச் சொன்னார். 2013ல் சட்டம் திருத்தப்பட்டதில் அவருடைய சாட்சியத்துக்குப் பங்கு உண்டு.

“எங்க லிமிட் இல்லை” என்பதை நம்மூரிலும் கேட்டிருப்போம். பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்த பிணம் ஒரு ஸ்டேஷன், இந்தப் பக்கம் விழுந்தால் இன்னொரு ஸ்டேஷன். ஆனால் இங்கே அது பெரும்பாலும் தட்டிக்கழிப்பு. மேலதிகாரி ஒருவர் போன் செய்தால் லிமிட் தானாக நீண்டுவிடும். அங்கே அந்தப் போலீஸ்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். கட்டியது சட்டம். அதனால்தான் “நல்ல போலீஸ் போதாதா?” என்ற கேள்விக்கு அங்கே பொருளில்லாமல் போகிறது.

மேலே போவதற்கு முன் இரண்டு சொற்கள். ‘ரிசர்வேஷன்’ என்றால் நமக்கு இடஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். அங்கே அது நிலம். அதுவும் அரசு இரக்கப்பட்டு ஒதுக்கிக் கொடுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஒப்பந்தம் போட்டுத் தங்கள் மண்ணில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோது, பல இனங்கள் தங்களுக்கென்று கையில் வைத்துக்கொண்ட மிச்சம் அது. அடுத்தது ‘இந்தியர்’. அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் பழங்குடி மக்களுக்கு இன்றும் அதுதான் பெயர். கோயம்புத்தூரிலிருந்து போன ஒருவர் அந்த நிலத்தில் வீடெடுத்துத் தங்கினால், சட்டத்தின் கண்ணில் அவர் ‘இந்தியர் அல்லாதவர்’! நல்ல வேடிக்கைதான். ஆனால் ஒரு குற்றத்தை யார் விசாரிக்கலாம் என்பது இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

எப்படி என்று பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து போன் வருகிறது. அடித்தவன் பழங்குடி, அடிபட்டவளும் பழங்குடி என்றால் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கலாம். பெரிய குற்றமாக இருந்தால் மத்திய அரசும் வரலாம். அடித்தவன் வெளியாள், அடிபட்டவள் பழங்குடி என்றால் நெடுங்காலம் மத்திய அரசு மட்டும்தான். இருவருமே வெளியாட்கள் என்றால் பழங்குடி நிலத்துக்குள் நடந்தாலும் மாநிலத்தின் வேலை. இத்தனையும் போதாதென்று, 1953ல் வந்த பொதுச்சட்டம் 280 கலிஃபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களில் மத்திய அரசின் இந்தப் பொறுப்பை மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டது. கூடவே பணம் கொடுக்கவில்லை. அங்கெல்லாம் கணக்கே வேறு. வாசலில் நிற்கிற போலீஸ்காரர், கதவைத் திறக்கிறவளின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இவ்வளவையும் மனக்கணக்குப் போட வேண்டும்.

இந்தச் சிக்கல் தானாக வந்ததில்லை. 1881ல் லகோட்டா மக்களின் ரோஸ்பட் பகுதியில் க்ரோ டாக் என்பவர் ஸ்பாட்டட் டெய்ல் என்ற தலைவரைச் சுட்டுக் கொன்றார். அந்த இனம் தன் வழக்கப்படி 600 டாலர், எட்டுக் குதிரை, ஒரு கம்பளி என்று ஈடு கட்டவைத்து இரு குடும்பத்தையும் சமாதானப்படுத்தியது. வெளியாட்களுக்கு இது பொறுக்கவில்லை. வழக்கு போட்டுத் தூக்குத் தண்டனை வாங்கினார்கள். 1883ல் உச்ச நீதிமன்றம், இது அவர்கள் உள்விவகாரம், உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உடனே நாடாளுமன்றம் 1885ல் பெருங்குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்து கொலை முதலிய பெரிய குற்றங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1887ல் டாஸ் சட்டம் நிலத்தைத் துண்டு துண்டாக்கியது. 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934க்குள் 4.8 கோடிக்குச் சுருங்கியது. மிஞ்சியதும் சதுரங்கக் கட்டம் மாதிரி வெளியாட்கள் நிலத்தோடு கலந்து கிடந்தது. டேப் பிடிக்க வேண்டி வந்தது இதனால்தான். 1968ல் இன்னொரு சட்டம், பழங்குடி நீதிமன்றம் ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை தரக்கூடாது என்றது. பின்னால் அது ஒரு வருடமானது. 2010க்குப் பிறகுதான், சில நிபந்தனைகளோடு, ஒரு குற்றத்துக்கு மூன்று வருடம் வரை போக முடிந்தது.

ஆனால் பெரிய ஓட்டை 1978 மார்ச்சில் விழுந்தது.

சியாட்டில் நகருக்கு எதிர்க்கரையில், கடல் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், சுக்வாமிஷ் இனத்தின் நிலம் இருக்கிறது. நகரத்துக்குப் பெயர் கொடுத்த தலைவர் சியாட்டிலின் கல்லறை அங்கேதான். வருடா வருடம் அவர் பெயரில் ஒரு திருவிழா. 1973ல் கூட்டம் அதிகம் வரும் என்று தெரிந்து, பாதுகாப்புக்கு ஆள் அனுப்பச் சொல்லி அந்த இனம் கவுண்ட்டியிடமும் மத்திய அரசின் இந்தியர் விவகாரத் துறையிடமும் கேட்டது. முழுத் திருவிழாவுக்கும் சேர்த்து கவுண்ட்டி அனுப்பியது ஒரே ஒரு காவலர், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. மத்தியத் துறையோ, உங்கள் காசில் நீங்களே ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு தகராறு. அந்த நேரத்தில் அங்கே இருந்தது பழங்குடிக் காவலர்கள் மட்டும். அவர்களில் ஒருவரைத் தாக்கியதாகவும் கைதுக்கு முரண்டு பிடித்ததாகவும் ஒலிஃபன்ட் என்ற வெள்ளைக்காரர் பிடிபட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பு, வெளியாட்களைக் குற்றவியல் முறையில் விசாரிக்கும் அதிகாரம் பழங்குடி நாடுகளுக்கு இல்லை என்றது. அதை எந்தச் சட்டம் பறித்தது என்று கேட்டால் நேரடியான பதில் இல்லை. அமெரிக்காவுக்குக் கட்டுப்பட்ட நிலைக்கு வந்தபோதே மறைமுகமாகப் போய்விட்டது என்பது அவர் வாதம். மார்ஷலும் பர்கரும் மட்டும் மாறுபட்டார்கள்.

பெண்களைப் பற்றி அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. ஒரு திருவிழாத் தகராறு. ஆனால் தீர்ப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 2016ல் வெளியிட்ட அறிக்கை, 2010ல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, பழங்குடிப் பெண்களில் 84.3 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்றது. பாலியல் வன்முறை மட்டும் 56.1 சதவீதம். வன்முறைக்கு ஆளானவர்களில் 97 சதவீதம் பேர் ஒருமுறையாவது பழங்குடி அல்லாதவரால் தாக்கப்பட்டவர்கள்; பழங்குடியினராலேயே தாக்கப்பட்டவர்கள் 35 சதவீதம். இந்த 97ஐப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். வன்முறையில் 97 சதவீதத்தை வெளியாட்கள் செய்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் தன் நிலத்தில் அடிப்பவன் வெளியாள் என்றால் தொடக்கூடாது என்ற விதி எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும் என்று ஊகிக்க இது போதும்.

சரி, மத்திய அரசு இருக்கிறதே? இருந்தது, வெகு தூரத்தில். எஃப்பிஐ ஆள் வருவதற்குப் பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கன்னத்தில் அறைந்தான், கதவை உடைத்தான் என்பதற்கெல்லாம் மத்திய வழக்கறிஞர்கள் கோப்பு திறப்பது அபூர்வம். 2005 முதல் 2009 வரை பழங்குடி நிலங்களிலிருந்து அவர்களிடம் போன வழக்குகளில் பாதியை நடத்தாமலே விட்டார்கள் என்று நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் சொன்னது. பாலியல் குற்றம் சார்ந்தவற்றில் 67 சதவீதம். ஆதாரம் பலவீனம் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆதாரத்தை உடனே, அந்த இடத்திலேயே சேகரிக்கக்கூடியவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் வந்து சேரும்போது ஆதாரம் காய்ந்து போயிருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்குள் வரலாம். இயக்கம் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். ரோஸ்பட்டில் 1977ல் டில்லி பிளாக் பேர் என்ற லகோட்டாப் பெண்ணும் அவர் தோழிகளும் வெள்ளை எருமைக் கன்றுப் பெண் சங்கம் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். லகோட்டா மக்களுக்குப் புனிதப் புகைக்குழலைக் கொண்டுவந்து கொடுத்த தெய்வப் பெண்ணின் பெயர் அது. பழங்குடி நிலத்தில், அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்த இடங்களில் அது முன்னோடி. 1978 ஜனவரியில் அவர் வாஷிங்டனில் குடிமை உரிமைகள் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். இரண்டே மாதத்தில் ஒலிஃபன்ட் தீர்ப்பு வந்தது. ஒரு கையால் அடைக்கலக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது மறுபக்கம் நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டது. அடைக்கலத்தில் பத்து நாள் தங்கவைக்கலாம். பதினோராவது நாள் அவள் வீட்டுக்குப் போனால் அவனும் அங்கேதான் இருப்பான். இறையாண்மைப் பேச்சு அங்கிருந்துதான் வளர்ந்தது, எந்தச் சித்தாந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை.

பெண்ணைத் தொட்டவனைத் தண்டிப்பது அவர்களுக்குப் புதிதும் இல்லை. மஸ்கோகி க்ரீக் மக்கள் 1820களில் எழுதிவைத்த சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு: ஒரு பெண்ணை யாராவது பலவந்தப்படுத்தினால் தண்டனை என்ன என்பது அவளிடமே விடப்படும், சாட்டையடியோ பணமோ, அவள் சொல்வதே சட்டம். அதே மஸ்கோகி இனத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் சாரா டியர் இதைத் தன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார். அந்தக் காலத்து அமெரிக்க நீதிமன்றங்களில் அப்படி ஒரு பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

1994ல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005ல் புதுப்பிக்கப்பட்டபோது பழங்குடிப் பெண்களுக்கென்று ஒரு தனிப் பகுதியைச் சேர்த்தது. உண்மையான சண்டை, சட்டத்தை மறுபடி புதுப்பிக்கும்போது வெளியாட்களை விசாரிக்கும் அதிகாரத்தைப் பழங்குடி நீதிமன்றங்களுக்குத் தருவதா என்று 2012ல் நடந்தது. வாஷிங்டன் மாநிலத் துலாலிப் இனத்தின் துணைத் தலைவர் டெபோரா பார்க்கர் வேறு வேலையாகத் தலைநகர் போயிருந்தார். பழங்குடிப் பிரிவு கைவிடப்படலாம், அதற்காக முகம் காட்டிப் பேச ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, மறுநாளே பத்திரிகையாளர்கள் முன் நின்று, சிறுவயதில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். எதிர்ப்பும் பலமாக இருந்தது. பழங்குடி நிலத்தில் ஜூரியும் பழங்குடிகளாகத்தானே இருப்பார்கள், வெளியாளுக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்று ஒரு செனட்டரே வெளிப்படையாகக் கேட்டார். (நூற்றைம்பது வருடமாக மறுபக்கம் நடந்ததும் அதுதானே என்று யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம்.)

2013 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. குடும்ப வன்முறை, காதலன் செய்யும் வன்முறை, பாதுகாப்பு ஆணையை மீறுவது ஆகிய மூன்றுக்கு மட்டும் வெளியாளையும் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கலாம். அதற்கும் நிபந்தனைகள்: அவனுக்கு அந்த நிலத்தோடு தொடர்பு இருக்க வேண்டும், இலவச வக்கீல் தர வேண்டும், சட்டம் படித்த நீதிபதி வேண்டும், ஜூரிப் பட்டியலில் வெளியாட்களும் இருக்க வேண்டும். அரிசோனாவின் பாஸ்குவா யாக்கி, வாஷிங்டனின் துலாலிப், ஆரிகனின் உமட்டில்லா ஆகிய மூன்று இனங்கள் 2014 பிப்ரவரியில் சோதனையாக ஆரம்பித்தன. அந்தச் செனட்டரின் பயத்துக்குப் பதில் சீக்கிரமே வந்தது. பாஸ்குவா யாக்கியில் நடந்த முதல் ஜூரி விசாரணையிலேயே வெளியாள் விடுதலையானார். இருவருக்கும் இடையில் சட்டம் கேட்கும் அளவுக்கு உறவு இருந்தது நிரூபணமாகவில்லை என்று ஜூரி முடிவு செய்தது. முதல் ஐந்து வருடத்தில் 18 இனங்கள் 143 கைதுகள் செய்தன; 74 தண்டனைத் தீர்ப்புகள் வந்தன. ஒருவர்கூடத் தன்னை அநியாயமாக அடைத்துவைத்தார்கள் என்று மத்திய நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவோடு போகவில்லை.

ஆனால் மூன்று குற்றம் என்ற வேலிக்கு வெளியே என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மனதில் தைத்தது. மிச்சிகனில் ஒரு பழங்குடிப் பெண்ணோடு வாழ வந்த வெளியாள் ஒருவன் அவளுடைய 16 வயது மகளிடம் தவறாக நடந்தான். பழங்குடி நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஆனால் பாலியல் சீண்டல் அந்த மூன்றில் அடங்காது என்று நீதிபதி தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நாலு மாதம் கழித்து, 14 வயதுப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்ததாக நகரப் போலீஸ் அவனைப் பிடித்தது.

2022 மார்ச்சில் அந்த வேலி கொஞ்சம் நகர்ந்தது. குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, பாலியல் கடத்தல், பின்தொடர்ந்து தொல்லை தருவது, பழங்குடிக் காவலர் முதலிய நீதித்துறைப் பணியாளரைத் தாக்குவது, நீதி விசாரணைக்கு இடையூறு செய்வது எல்லாம் பழைய மூன்றோடு சேர்ந்து பட்டியல் ஒன்பதானது. தனி ரிசர்வேஷன் நிலம் பெரும்பாலும் இல்லாத அலாஸ்காவுக்கும் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. அங்கே மூன்றில் ஒரு ஊருக்கு உள்ளூர்க் காவலே கிடையாது என்பது 2019ல் பத்திரிகை விசாரணையில் வெளிவந்திருந்தது. மூடுபனி இறங்கி விமானம் வராவிட்டால் போலீஸும் வராது.

காணாமல் போகும் பெண்கள் பற்றியும் கேட்பீர்கள். சியாட்டிலில் உள்ள நகர்ப்புற இந்தியர் சுகாதார நிறுவனம் 2018ல் எடுத்துக்காட்டிய கணக்கு இது: 2016ல் பழங்குடிப் பெண்களும் சிறுமிகளும் காணவில்லை என்று தேசியக் குற்றப் பதிவேட்டில் ஏறிய புகார்கள் 5,712, நீதித்துறையின் காணாமல் போனோர் தரவுத்தளத்தில் இருந்தவை 116. மே 5ஐ நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது மொன்டானாவில் கொல்லப்பட்ட 21 வயது வடக்கு ஷயான் பெண் ஹானா ஹாரிஸின் பிறந்தநாள் என்பதால். 2013ல் அவரைக் காணவில்லை என்றதும் பெரும்பாலும் குடும்பமும் ஊராருமே தேடினார்கள். 2020ல் வந்த சவானா சட்டம் போலீஸ் துறைகள் தகவலைப் பகிர வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் தகவலைப் பகிர்ந்தபின் யார் கைது செய்வது என்ற கேள்வி பழைய இடத்திலேயே நிற்கிறது.

இறையாண்மை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒலிஃபன்டுக்கு இரண்டு மாதம் கழித்து அதே 1978ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. நியூ மெக்ஸிகோவின் சான்டா கிளாரா ப்வெப்லோ என்ற பழங்குடி இனத்தில், வெளியாளைக் கட்டிய பெண்ணின் பிள்ளைகளுக்கு உறுப்புரிமை கிடையாது; வெளியிலிருந்து பெண் கட்டிய ஆணின் பிள்ளைகளுக்கு உண்டு. ஒரு தாய் வழக்கு போட்டார். அது அந்த இனத்தின் உள்விவகாரம் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இறையாண்மை வென்றது, அந்தத் தாய் தோற்றார். இதை இயக்கத்துப் பெண்களே மறைப்பதில்லை. எங்கள் சபையோடு சண்டை போட எங்களுக்குத் தெரியும், அந்தச் சபைக்கு அதிகாரம் இருந்தால்தானே சண்டைக்கே பொருள் என்ற நிலையில் நிற்கிறவர்கள் அதிகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தத் தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

நடைமுறைச் சிக்கல் இன்னொன்று, பணம். 570க்கும் மேற்பட்ட இனங்களில் 2013 சட்டம் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியவை சில டஜன்தான். வக்கீலுக்குச் சம்பளம், நீதிபதிக்குச் சம்பளம், விசாரணையைப் பதிவுசெய்ய ஏற்பாடு, சிறை. சிறையில் இருக்கும் வெளியாளுக்கு உடம்பு சரியில்லை என்றால், பழங்குடிகளுக்கான மத்திய மருத்துவச் சேவை பொதுவாக அவனைப் பார்க்காது. செலவு அந்த இனத்தின் தலையில் விழும். பழங்குடி நிலத்தில் சொத்துவரி வாங்கியும் சமாளிக்க முடியாது.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்த காஸ்ட்ரோ-ஹுவெர்டா தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை நல்ல செய்தி என்று எண்ணுகிறார்கள். பழங்குடியை வெளியாள் தாக்கினால் இனி மாநிலமும் வழக்கு நடத்தலாம் என்கிறது அது. அடிப்பவனைப் பிடிக்க இன்னொரு கை கூடினால் நல்லதுதானே? பழங்குடி இனங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பொதுச்சட்டம் 280 நடப்பிலுள்ள மாநிலங்களில் எழுபது வருடமாக அந்தக் கை இருந்தது. ‘மத்திய அரசு பார்க்கும்’ என்று மாநிலமும் ‘மாநிலம் பார்க்கும்’ என்று மத்திய அரசும் விட்டுவிட்டதைத்தான் அங்கே அதிகம் பார்த்தார்கள். நீதிபதி கோர்சச் அந்தத் தீர்ப்பில் கடுமையாக மாறுபட்டு எழுதினார். அவர் பழமைவாதி என்பதால் அதைப் படிக்க எனக்குச் சுவையாக இருந்தது.

இன்றைய நிலை இதுதான். 2022 பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒன்பது குற்றங்கள் இருக்கும், கொலை இருக்காது. வெளியாள் ஒருவன் மனைவியை அடித்தான் என்று பழங்குடி நீதிமன்றம் அவனை விசாரிக்கலாம். அந்த அடியில் அவள் செத்துப்போனால், கொலைக்காக அவனை விசாரிக்க அதற்கு இன்றும் அதிகாரம் இல்லை.